கேஸ் வேண்டாமா? கேஸ் ஷீட்டைக் கொடுங்கள்!

"டாக்டர் மேல கேஸ் போடுறதே இப்போ ஒரு தொழிலாப் போச்சு" என்கிறது ஒரு கட்சி.

"உயிர் போயிருக்கு, கேட்கக்கூடாதா?" என்கிறது எதிர்க்கட்சி.

ராமநாதபுரம் டீக்கடையிலும் சரி, ராமேசுவரம் போகும் பஸ்சிலும் சரி, இந்தப் பேச்சு கிளம்பினால் லேசில் அடங்காது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

முதலில் டாக்டர்கள் பக்கம்.

ராமேசுவரத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால், பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் வர சுமார் 55 கிலோ மீட்டர். அங்கிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு இன்னும் 100 கிலோ மீட்டருக்கு மேல். வழியில் உயிர் போனால், முதலில் கை பிடித்துப் பார்த்த உள்ளூர் டாக்டர் தலையில்தான் பழி விழுகிறது.

பழிக்குப் பயந்தால் டாக்டர் என்ன செய்வார்? "எதுக்கு வம்பு? மதுரைக்குக் கொண்டு போங்க" என்று சீட்டு எழுதிக் கையைக் கழுவி விடுவார். இங்கேயே பிழைக்க வேண்டிய ஆளும் அலைய வேண்டும். 2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அப்படி வந்தும் டாக்டருக்குத் துணிச்சல் இல்லை என்றால் யாருக்கு லாபம்? பொய் கேசின் நஷ்டம் டாக்டரோடு நிற்பதில்லை. அடுத்த நோயாளி தலையிலும் விழுகிறது.

போலீஸ் உடனே பிடிக்க முடியாது

டாக்டர்களுக்குச் சட்டத்தில் பாதுகாப்பே இல்லை என்பது சரியல்ல. ஜேக்கப் மேத்யூ வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2005-ல் தெளிவாகச் சொல்லி விட்டது. சிகிச்சை பலிக்கவில்லை என்பதற்காக டாக்டர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். மிக மோசமான அஜாக்கிரதை இருந்தால்தான் கிரிமினல் கேஸ். அதற்கும் முன்பு, சம்பந்தப்படாத வேறு டாக்டரிடம், முடிந்தால் அரசு டாக்டரிடம், போலீசார் கருத்துக் கேட்க வேண்டும். புகார் வந்தது என்பதற்காக உடனே விலங்கு மாட்டக்கூடாது.

ஏழைக்கு எந்தக் கதவு?

இப்போது நோயாளி பக்கம்.

பணம் வாங்கிக் கொண்டு செய்யும் சிகிச்சை, நுகர்வோர் சட்டத்தில் வரும் என்று 1995 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதனால் பல பேருக்கு நியாயம் கிடைத்தது. ஆந்திராவில் மலேரியா இலாகா அதிகாரி ஒருவரின் மனைவிக்குக் காய்ச்சல். வந்தது மலேரியா, பார்த்தது டைபாய்டு வைத்தியம். அந்த அம்மாள் இறந்து போனார். கணவருக்கு 2 லட்ச ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்ன தீர்ப்பை 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. எல்லா கேசுக்கும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லை என்றும் சொன்னது. இதைப் பொய் கேஸ் என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆனால் அதே 1995 தீர்ப்பில் ஒரு விலக்கும் இருக்கிறது. எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி, நுகர்வோர் கோர்ட்டுக்குள் வராது! ஓ.பி. சீட்டுக்கு ஏதோ சில்லறை வாங்கினாலும் வராது.

இந்தக் கடற்கரையில் வலை இழுப்பவரும், கருவாடு விற்கும் அம்மாவும், உப்பளத்துக் கூலியும் போவது எந்த ஆஸ்பத்திரிக்கு? அரசு ஆஸ்பத்திரிக்குத்தான். அவர்களுக்கு அந்தக் கதவு மூடிக் கிடக்கிறது. சிவில் கோர்ட்டு, இல்லாவிட்டால் ஐகோர்ட்டு.

பக்கத்து விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் 2018 டிசம்பரில் நடந்ததை மறக்க முடியுமா? அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தத்தை ஏற்றி விட்டார்கள். ரத்தம் கொடுத்த வாலிபர் தனக்கு நோய் இருப்பது தெரிந்ததும், தானே போய்ச் சொன்னதால்தான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் கொடுக்க மதுரை ஐகோர்ட்டு கிளை 2019-ல் உத்தரவிட்டது. ஊரே கொதித்த கேசுக்கு ஐகோர்ட்டு. யாருக்கும் தெரியாத கேசுக்கு?

கத்தியும் வேண்டாம், கல்லும் வேண்டாம்

கேட்க வழி தெரியாத கோபம் தப்பான பாதையில் போகிறது. 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரியில், தாய்க்குச் சரியாக வைத்தியம் பார்க்கவில்லை என்று சொல்லி மகன் ஒருவர் டாக்டரைக் கத்தியால் குத்தினார். இதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆஸ்பத்திரியில் கை வைப்பவர்களைத் தண்டிக்க 2008-லேயே தமிழகத்தில் தனிச் சட்டம் வந்து விட்டது. ஆனால் சட்டம் போட்டால் மட்டும் சந்தேகம் தீராது.

சந்தேகத்தைத் தீர்ப்பது எது? காகிதம்!

நோயாளியோ, அவர் சார்பில் வந்தவரோ கேட்டால், 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதி இது. படுத்த நோயாளியின் ஆவணங்களை 3 வருஷம் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? கேட்டால், "நாளைக்கு வாங்க", "பெரியவர் லீவு" என்று இழுத்தடித்தால் சந்தேகம் இரண்டு மடங்காகிறது. நோட்டீஸ் அனுப்ப வக்கீல் வீட்டுப் படி ஏறுவது அப்போதுதான்.

கேஸ் ஷீட் கையில் இருந்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டலாம். தப்பு இல்லை என்றால் அவரே சொல்லி விடுவார். பாதி கேஸ் அங்கேயே முடிந்து விடும். தப்பு இருந்தால், அந்த கேசை வீண் கேஸ் என்று யாரும் தள்ள முடியாது.

எனவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். 72 மணி நேர விதியை எல்லா ஆஸ்பத்திரி வாசலிலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். ஆளை இழந்த குடும்பத்தை உட்கார வைத்து, என்ன நடந்தது என்று டாக்டர் தமிழில் சொல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரி நோயாளியின் புகாரை விசாரித்து நஷ்டஈடு கொடுக்க, ராமநாதபுரத்திலேயே ஒரு இடம் வேண்டும். ராமேசுவரத்து மீனவர் மதுரைக்கு நடையாய் நடக்க முடியாது.

புகார் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நுகர்வோர் கோர்ட்டுக்கு 2 வருஷத்துக்குள் போக வேண்டும். பில்லைக் குறைக்கவோ, பழி தீர்க்கவோ போகாதீர்கள். நீங்கள் போடும் ஒரு பொய் கேஸ், நாளைக்கு உண்மையான புகாரோடு வருபவரையும் சந்தேகத்தோடு பார்க்க வைக்கும்.