லெட்டர் கேட்கும் முன் கார்டு இருக்கா பாருங்க: காரைக்கால் தோழர்களுக்கு



நம் பக்கத்தின் இன்பாக்ஸுக்கு அதிகமாக வரும் கோரிக்கை எது தெரியுமா? ரோடு இல்லை, வேலை இல்லை. ஆஸ்பத்திரி பில். "அண்ணே, அப்பா ஐ.சி.யு-ல இருக்காரு, எம்.எல்.ஏ. லெட்டர் கிடைக்குமா?" "நாளைக்குள்ள ரெண்டு லட்சம் கட்டணுமாம், ஜி-பே நம்பர் அனுப்புறேன், குரூப்ல போடுங்க." நாமும் போடுகிறோம். நல்ல மனசு இருக்கிறவர்கள் 200, 500 அனுப்புகிறார்கள். இரண்டு லட்சத்துக்குப் பதினைந்தாயிரம் சேரும்.

உதவுகிற மனசைக் குறை சொல்ல இந்தப் பதிவு இல்லை. அந்த மனசு ஒரு வாரம் முன்னாடி வேலை செய்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று சொல்லத்தான். மருத்துவ உதவித் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதி இருக்கிறது: சிகிச்சைக்கு முன்னால் கேட்டால் வழி உண்டு, பில் கட்டிய பிறகு கேட்டால் பெரும்பாலும் கதவு மூடிவிடும்.

காரைக்காலுக்கு மட்டும் இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அதை முதலில் பார்ப்போம்.

எல்லைக்கோடு நம் வீட்டு வாசலில்

வடக்கே பூவம் தாண்டினால் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகூர், அதுவும் தமிழ்நாடு. நம் தலைநகரம் புதுச்சேரியோ சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே போகவே மயிலாடுதுறை, கடலூர் மாவட்டங்களைக் கடக்க வேண்டும். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுப் போனார்கள். அவர்கள் போட்ட கோடு மட்டும் இன்னும் நம் ரேஷன் கார்டில் இருக்கிறது.

அக்கா நாகூரில் வாக்கப்பட்டிருக்கிறாள், தம்பி வாஞ்சூரில் இருக்கிறான் என்று வையுங்கள். நடந்தே போகிற தூரம். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, ஒரே வருமானம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அக்காவுக்குத் தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. தம்பிக்கு அது கிடையாது, ஏனென்றால் அவன் கையில் புதுச்சேரி கார்டு. இது தெரியாமல் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ போய் அட்மிட் ஆகி, கவுண்டரில் "இந்தக் கார்டு இங்க செல்லாது" என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்காரர்கள் நகைக்கடைக்கு ஓடுகிறார்கள்.

ஆனால் தம்பிக்கும் வழி இருக்கிறது. அதுதான் ஆயுஷ்மான் பாரத் கார்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, இந்தியாவில் எந்த மாநிலத்திலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் பணம் கட்டாமல் சிகிச்சை. எல்லையோரத்தில் வாழ்கிற நமக்கு மற்ற எல்லோரையும் விட அதிகம் தேவைப்படுகிற கார்டு இது.

"அது அவங்க திட்டம் ஆச்சே, நாம ஏன் விளம்பரம் பண்ணணும்?" என்று சில தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. கார்டில் யார் படம் இருந்தால் என்ன? மத்திய அரசும் மாநில அரசும் கொடுக்கிற பணம் நாம் கட்டிய வரி. தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறவன் அதைத் திரும்ப வாங்குவதில் கட்சி பார்க்கத் தேவையில்லை. திட்டத்தில் இருக்கிற ஓட்டைகளை விமர்சிப்போம், விடப்போவதில்லை. அதற்காக நம் ஆட்கள் பில் கட்டி அழியக் கூடாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது

1. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கார்டு இருக்கிறதா பாருங்கள். குடும்பத்துக்கு 5 லட்சம் என்றாலும் கார்டு ஆளுக்கு ஒன்று. அப்பாவுக்கு இருக்கிறது என்று அம்மாவுக்கு எடுக்காமல் விட்ட வீடுகள் நிறைய.

2. "நமக்கு மஞ்சள் கார்டு, கிடைக்காது" என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். ஆயுஷ்மான் ஆப்பில் ஆதார் எண்ணைப் போட்டுப் பாருங்கள், அல்லது 14555-க்கு போன் பண்ணிக் கேளுங்கள்.

3. வீட்டில் 70 வயது தாண்டியவர்கள் இருந்தால் 2024 அக்டோபரில் தொடங்கிய தனித் திட்டம் இருக்கிறது. வருமானம் பார்ப்பதில்லை. ஆதார் போதும். குடும்பத்துக்கு ஏற்கெனவே கார்டு இருந்தாலும் பெரியவர்களுக்குத் தனியாக 5 லட்சம்.

4. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு பெயர், மொபைல் எண் மாறிப்போச்சு என்றால் இப்போதே திருத்துங்கள். ஐ.சி.யு. வாசலில் ஓ.டி.பி. வராமல் நிற்கிற கொடுமை வேண்டாம்.

5. அட்மிட் ஆகும்போதே கார்டைக் காட்டுங்கள். மருத்துவமனை திட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது, உங்களுக்குத் தேவையான சிகிச்சைப் பிரிவும் அங்கே சேர்ந்திருக்க வேண்டும். அங்கே இருக்கிற ஆரோக்கிய மித்ரா என்ற உதவியாளரிடம் இதைக் கேட்டுக்கொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

6. முன்னாடியே இருந்த வியாதி என்று மறுக்க முடியாது, முதல் நாளிலிருந்தே செல்லும். அட்மிஷனுக்கு முந்தைய 3 நாள் செலவும், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் மருந்தும் இதற்குள் வரும். படுக்கையில் சேராமல் பார்க்கிற வெளிநோயாளி செலவு வராது.

7. திட்டத்தில் சேர்ந்துவிட்டு, கார்டை ஏற்ற பிறகும் தனியாகப் பணம் கேட்டால் ரசீது வாங்குங்கள். 14555-ல் புகார் கொடுங்கள். மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையிலான குறைதீர்க்குழுவுக்கும் எழுதலாம்.

கார்டு போதாதபோது

5 லட்சத்தைத் தாண்டுகிற சிகிச்சை, பட்டியலில் இல்லாத சிகிச்சை என்று வந்தால் வேறு கதவுகள் உண்டு. புதுச்சேரி சுகாதாரத் துறையின் கீழ் ஏழை நோயாளிகளுக்கான மருத்துவ நிவாரணச் சங்கம் இருக்கிறது. பிரதமரின் தேசிய நிவாரண நிதி 1948-ல் பிரிவினை அகதிகளுக்காகத் தொடங்கியது. இன்று இதய அறுவை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் ஆகியவற்றுக்கும் ஒரு பகுதி உதவி தருகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களின் உயிருக்கு ஆபத்தான வியாதிக்கு, அரசு மருத்துவமனை சிகிச்சைக்காக ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதி இருக்கிறது.

இந்த மாதிரி விண்ணப்பத்தின் உயிர் எஸ்டிமேட் தாள்தான். என்ன வியாதி, என்ன சிகிச்சை, எவ்வளவு ஆகும் என்று மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். கூடவே வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், போட்டோ. இதில் வருமானச் சான்றுக்குத்தான் நாள் பிடிக்கும், முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதியில் ஏற்கெனவே செலவழித்த பணத்தைத் திரும்பத் தர விதியே இல்லை.

எம்.பி., எம்.எல்.ஏ. லெட்டர் இந்தக் கட்டுக்கு மேலே வைக்கிற ஒரு தாள். உதவும், மறுக்கவில்லை. கீழே இருக்கிற கட்டு இல்லாமல் அந்தத் தாளை மட்டும் வைத்து யாரும் பணம் தரமாட்டார்கள். லெட்டர் கொடுத்த போட்டோவைப் போட்டு லைக் வாங்குவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சாலை விபத்து என்றால்

நம் ஊர் வழியாகப் போகிற நாகப்பட்டினம் நெடுஞ்சாலையில் விபத்துக்குப் பஞ்சமில்லை. 2025 மே மாதம் முதல் நாடு முழுக்க, விபத்தில் அடிபட்டவருக்கு 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள் பணமில்லா சிகிச்சை உண்டு. விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்தால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரம் இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலம் என்று கேட்பதில்லை.

இதைக் கவனியுங்கள் தோழர்களே. பூவத்துக்கு அந்தப் பக்கம் பைக்கில் விழுந்தால் காரைக்கால்காரனுக்கும் எல்லை இல்லை. நெஞ்சு வலி வந்து அதே மருத்துவமனைக்குப் போனால் எல்லை வந்துவிடுகிறது. ஆக, மனசு வைத்தால் கோட்டைத் தாண்ட முடியும் என்று ஒரு திட்டமே காட்டிவிட்டது.

பில்லைக் கேள்வி கேளுங்கள்

தனியார் மருத்துவமனையே ஆனாலும் ஒவ்வொரு இனமாகப் பிரித்து எழுதிய பில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேஸ் ஷீட் நகல் கேட்கலாம். பணத்தகராறுக்காக நோயாளியையோ இறந்தவர் உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் சொல்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள். சண்டை போடாமல், எழுத்தில் கேளுங்கள்.

அரசுகளிடம் நம் கோரிக்கை

ஒன்று: மருத்துவ நிவாரணச் சங்கத்தின் விண்ணப்பத்தை வாங்குவது முதல் அனுமதிப்பது வரை காரைக்காலிலேயே முடிய வேண்டும், அதற்கு நாள் கெடு வேண்டும். சுகாதார இயக்குநரகம் புதுச்சேரியில் இருக்கிறது என்பதற்காக ஒரு நோயாளியின் மகன் 130 கிலோமீட்டர் பஸ் ஏறக் கூடாது.

இரண்டு: நாகை, திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காரைக்கால் கார்டுக்கு உதவி மையம் வேண்டும். இதற்குப் புதுச்சேரி அரசு தமிழ்நாடு அரசோடு உட்கார்ந்து பேசி எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும்.

மூன்று: ஜிப்மரில் இலவச சிகிச்சைக்கான மாத வருமான வரம்பு 2,499 ரூபாய். கணக்குப் போடுங்கள்: நாளைக்கு 100 ரூபாய் வீதம் 25 நாள் வேலை பார்த்தால் 2,500. ஒரு ரூபாய் கூடிப்போச்சு! 100 ரூபாய்க்குக் கூலி ஆள் கிடைக்கிற ஊர் எது? இந்த வரம்பை இன்றைய கூலிக்கு ஏற்றபடி உயர்த்த வேண்டும்.

நான்கு: 2016 முதல் ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி காரைக்காலில் நடக்கிறது. அரசு பொது மருத்துவமனையும் இருக்கிறது. இருந்தும் பெரிய கேஸ் என்றால் வெளியூருக்கு ஆம்புலன்ஸ் கிளம்புவது ஓயவில்லை. இதயம், மூளை, சிறுநீரகம் மூன்றுக்கும் 24 மணி நேர அவசரச் சிகிச்சை இங்கேயே வேண்டும்.

இந்திய மருத்துவச் செலவில் மக்கள் சொந்தப் பையிலிருந்து போடுகிற பங்கு 2013-14-ல் 100-க்கு 64 ரூபாய். 2021-22-ல் 39 ரூபாய். குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. மிச்சம் இருக்கிற அந்த 39 ரூபாய்தான் மீனவர் வீட்டுத் தாலியையும் விவசாயி வீட்டு மாட்டையும் அடகுக்கு அனுப்புகிறது.

இனி வேலை. திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம், காரைக்கால் நகரம் என்று எந்தப் பகுதித் தோழராக இருந்தாலும், உங்கள் தெருவில் 20 வீடு எடுங்கள். எத்தனை பேருக்குக் கார்டு இருக்கிறது, எத்தனை பேருக்கு இல்லை, இல்லாததற்குக் காரணம் என்ன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆதார் எண், மெடிக்கல் ரிப்போர்ட் எதையும் குரூப்பில் போடாதீர்கள், எண்ணிக்கை மட்டும் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் கிளைப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறோம்.

பகிருங்கள். அதற்கு முன்னால் உங்கள் அம்மா கார்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

#காரைக்கால் #மருத்துவம்_நம்_உரிமை