குற்றாலம் டிரிப்: அடுப்பு வேண்டாத சாப்பாடு எது? காரில் வைத்த உணவு எப்போது கெடுகிறது?

தென்மேற்குப் பருவமழை தொடங்கி, குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் நெல்லை - தென்காசி சாலைக்கு ஓய்வே கிடையாது. மதுரைப் பக்கம் இருந்து வருபவர்கள் ராஜபாளையம், கடையநல்லூர் வழியாக வந்துவிடுவார்கள். நெல்லை, தூத்துக்குடி, திருச்செந்தூர், நாகர்கோவில் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆலங்குளம்தான் வழி. நெல்லையில் இருந்து சுமார் 30 கி.மீ. தூரம். பின் சீட்டில் பிள்ளைகள் "பசிக்குது" என்று ஆரம்பிப்பதும் ஏறக்குறைய இங்கேதான்.

ஹோட்டலில் நிறுத்தினால் செலவு, கூட்டம், நேரம். அதனால் பல குடும்பங்கள் வீட்டில் இருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு வருகின்றன. இப்போது அதிலும் ஒரு மாற்றம். அதிகாலையில் எழுந்து புளியோதரை கிளறுவதற்குப் பதிலாக சாண்ட்விச், முளைகட்டிய பயறு, வெட்டிய பழம், பாக்கெட் ஜூஸ் என்று அடுப்பே பற்ற வைக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். கேட்க ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. ஆனால் சமைக்காத உணவு என்றாலே கெடாத உணவு என்று அர்த்தம் இல்லை.

உண்மையில் எப்போது கெடுகிறது?

ஓடும் காரில் ஏசி இருக்கும். சிக்கல் வண்டியை நிறுத்திய பிறகு. வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் அரை மணி நேரத்திலேயே வெளியில் இருப்பதைவிட 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை ஏறிவிடும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும், குளுகுளுன்னு இருக்கும். ஆனால் சாரல் எல்லா நாளும் வருவதில்லை. வழியில் ஆலங்குளம் பக்கமோ காற்றும் வெயிலும்தான்.

கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டது. கெடக்கூடிய உணவை இந்த வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவான கணக்கு. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அது 1 மணி நேரம்தான்.

இப்போது நம்ம டிரிப்பைப் பாருங்கள். காலை 6 மணிக்கு டப்பாவில் அடைக்கிறோம். 9 மணிக்கு குற்றாலம். பார்க்கிங் கிடைக்க நேரமாகும். மெயின் அருவியில் வரிசை. தண்ணீர் வரத்து கூடிவிட்டால் குளிக்கத் தடையும் விழும். 2024 மே 17-ல் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது சிறுவன் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தடை போட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த நேரமெல்லாம் சாப்பாடு பூட்டிய காருக்குள். கடைசியில் குளித்து முடித்து, அகோரப் பசியோடு 1 மணிக்கு டப்பாவைத் திறக்கிறோம். ஏழு மணி நேரம் ஆகியிருக்கிறது. அந்தப் பசியில் லேசான புளிப்பு வாடை யார் மூக்குக்கும் தெரியாது.

அவல் ஏன் தப்பிக்கிறது?

கிருமி வளர ஈரம் வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பட்டியல் தானாக வந்துவிடும்.

அவல், பொரி, பொட்டுக்கடலை (நெல்லைப் பக்கம் பொரிகடலை), வறுத்த நிலக்கடலை, கருப்பட்டி. இவை நமக்குத்தான் சமைக்காத உணவு. நெல்லை ஊற வைத்து, சூடாக்கி, இடித்துத்தான் அவலே வருகிறது. அடுப்பு வேலை முன்பே முடிந்துவிட்டது, ஈரமும் போய்விட்டது. அதனால் காரில் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஈரத்தைச் சாப்பிடும் நேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

நாலு பேருக்கு அரை கிலோ அவல், கால் கிலோ பொடித்த கருப்பட்டி, ஒரு பொட்டலம் பொட்டுக்கடலை, கொஞ்சம் ஏலக்காய்த்தூள் போதும். மெல்லிய அவலுக்குச் சுத்தமான குடிநீர் தெளித்து இரண்டு மூன்று நிமிடம் விட்டால் பதமாகிவிடும். கெட்டி அவலுக்குக் கால் மணி நேரமாவது வேண்டும். இனிப்பு பிடிக்காதவர்களுக்கு, போகும் வழியில் கடையின் ஃபிரிட்ஜில் இருந்து தயிர் கப் வாங்கி, உப்பு போட்டுப் பிசைந்து, நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டால் தயிர் சாதம் தோற்றுப்போகும். தயிரை வாங்கிய கையோடு சாப்பிட்டுவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

ஒரு எச்சரிக்கை: தேங்காயை வீட்டிலேயே துருவிக் கலந்து எடுத்து வராதீர்கள். அத்தனை நேரம் தாங்கும் அவலை முதலில் கெடுப்பது அந்தத் தேங்காய்த் துருவல்தான்.

பழத்திலும் இதே கதை. தோலோடு இருக்கும் வாழைப்பழம், ஆரஞ்சு, கொய்யா எல்லாம் நல்ல துணை. வீட்டில் வெட்டி டப்பாவில் அடைத்த பப்பாளியும் தர்பூசணியும் அப்படி இல்லை. கத்தி பட்டதும் தோல் என்ற காவல் போய்விடுகிறது. சாலையோரம் வாங்கும் வெள்ளரிப்பிஞ்சை நீங்களே கழுவி, நீங்களே நறுக்குங்கள். முளைகட்டிய பயறோ, முளை விட வைத்த அதே ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் வசதி என்பதால், பயணத்துக்கு லாயக்கே இல்லாத ஆரோக்கிய உணவு.

நொறுக்குத்தீனிக்குத் தெற்கே பஞ்சமா? 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய் இருக்கிறது, 2023-ல் பெற்ற உடன்குடி கருப்பட்டி இருக்கிறது. மிக்சர், சேவு பாக்கெட்டுகளுக்கும் பேரீச்சம்பழத்துக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12-ல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் உப்பும் காரமும் அதிகமானால் பிள்ளைகள் தண்ணீர் கேட்பார்கள், பிறகு பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டியை ஓரம் கட்ட வேண்டியதுதான். ஒரு வயது ஆகாத குழந்தை கூட வந்தால் தேன் மட்டும் நாக்கில் தடவவே கூடாது. அரிதானாலும் ஆபத்தான பொட்டுலிசம் நச்சு அந்த வயதில் தேன் மூலம் வரலாம்.

மயோனைஸ் சாண்ட்விச்சில் என்ன பிரச்சினை?

பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. கேரளா 2023 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டது, தெலங்கானா 2024-ல் செய்தது. காரணம் சால்மோனெல்லா, இ-கோலி போன்ற கிருமிகள். மயோனைஸ் செய்யும்போது முட்டை சூடே படாமல் எண்ணெயோடு அடிக்கப்படுகிறது, அதனால் முட்டையில் இருக்கும் கிருமி அப்படியே தங்கிவிடுகிறது.

கடையில் கிடைக்கும் முட்டை இல்லாத மயோனைஸ் இந்தத் தடைக்குள் வராது. ஆனால் பாட்டிலைத் திறந்து, வெங்காயம் வெள்ளரியோடு பிரெட்டில் தடவி, காரில் ஐந்து மணி நேரம் வைத்தால் அதுவும் ஈரமான உணவுதான். பிரெட் வேண்டும் என்றால் வேர்க்கடலை வெண்ணெய் தடவிக்கொள்ளலாம். அல்லது பிரெட்டை அப்படியே எடுத்து வந்து, வாழைப்பழத்தை அங்கேயே நறுக்கி உள்ளே வைக்கலாம்.

அப்போ புளியோதரை வேண்டாமா?

யார் சொன்னது? வெந்த சோற்றிலும் ஆபத்து உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும் சூட்டிலும் பிழைத்திருக்கும். வெதுவெதுப்பில் பெருகி நச்சை உண்டாக்கினால் சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது. புளியோதரை தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் புளியின் அமிலம். கெட்டியான புளிக்காய்ச்சலும், சோற்றை ஆறவைத்துக் கிளறும் பக்குவமும் இருந்தால் மதியம் வரை பயமில்லை. தேங்காய் சாதத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு, இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பதில்தான் தப்பு நடக்கிறது.

பாக்கெட்டில் 'ஓஆர்எஸ்' என்று இருந்தால் வாங்கலாமா?

பிள்ளைக்கு வாந்தி என்றதும் பலர் கடையில் கேட்பது ஓஆர்எஸ் பாக்கெட் ஜூஸ். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி ஒரு லிட்டர் ஓஆர்எஸ் கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். இனிப்பு பானங்களில் சர்க்கரை இதைவிடப் பல மடங்கு. அது வயிற்றுப்போக்கைக் கூட்டும். அதனால்தான் இந்தக் கணக்குக்குப் பொருந்தாத பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற சொல்லே இருக்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொடி பாக்கெட் இரண்டைக் கிளம்பும்போதே பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் குடிநீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டீஸ்பூனை வழித்துச் சமமாக எடுக்க வேண்டும், குவித்து அல்ல. வாந்தி நிற்காமல், பிள்ளை சோர்ந்து, சிறுநீர் குறைந்தால் அருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நேராக ஆஸ்பத்திரிக்கு விடுங்கள். வழியில் வாங்கிய உணவில் சந்தேகம் என்றால் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-ல் புகார் அனுப்பலாம்.

தயிர், பழச்சாறு என்று குளிர்ச்சியாகவே கொண்டுபோக வேண்டியது இருந்தால் செலவில்லாத ஒரு வழி உண்டு. முந்தின நாள் இரவே இரண்டு தண்ணீர் பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி ஃபிரீசரில் வையுங்கள். காலையில் மூடியுள்ள தெர்மோகோல் பெட்டியில் அடியில் ஒன்று, மேலே ஒன்று, நடுவில் சாப்பாடு. பெட்டியை டிக்கியில் வைக்காமல் சீட்டுக்குக் கீழே, ஏசி படும் இடத்தில் வைக்கவும். பாட்டிலில் ஐஸ் மிச்சம் இருக்கும்வரை கவலை இல்லை. முழுக்கத் தண்ணீராகிவிட்டால் இரண்டு மணி நேரக் கணக்கு அப்போது தொடங்குகிறது. குற்றாலம் வந்து சேர்ந்ததும் பெட்டியை வெளியே எடுத்துத் திறந்தபடி வைக்காதீர்கள், அங்கே குரங்குகளுக்கு கவர் சலசலக்கும் சத்தமே போதும்.