ஓட்டத்தை நிறுத்துவதே மருந்தாகிவிடாது

மாரத்தான் போட்டிகள் நெருங்கும் மாதங்களில் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு முழங்கால் வலியோடு வருவோர் தொகை கூடுகிறது. பெரும்பாலோர் தனியே வருவதில்லை; மனைவியோ, மகனோ, தாயாரோ உடன் வருகிறார். "இனி ஓட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்" என்பதே உடன் வந்தவரின் முதல் வேண்டுகோள். அதன் பின்னுள்ள அன்பை மதிக்கிறோம். ஆயினும் பெரும்பாலான வேளைகளில் நாங்கள் அதற்கு உடன்படுவதில்லை.

ஓடுபவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது, முழங்கால் சில்லைச் சுற்றியோ அதன் பின்புறத்திலோ தோன்றும் வலி. படியிறங்கும்போதும், குந்தி அமரும்போதும், நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும்போதும் அது கூடும். இது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம் அன்று. தாங்கப் பழகியதைவிடக் கூடுதலான சுமை, குறுகிய காலத்தில் மூட்டின்மேல் ஏறியதன் விளைவு. வாரம் 15 கிலோமீட்டர் ஓடியவர், போட்டி நெருங்கியதும் 30 கிலோமீட்டர் ஓடுகிறார். தொடைத் தசைகளும் இடுப்புத் தசைகளும் அதே விரைவில் வலுப்பெறுவதில்லை.

ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்ற அச்சம் வீடுகளில் வேரூன்றியுள்ளது. 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், உடல்நலத்துக்காகவும் பொழுதுபோக்காகவும் ஓடுவோரில் சுமார் 3.5 விழுக்காட்டினரிடமே இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் காணப்பட்டது. ஓடாதோரிடம் அது சுமார் 10 விழுக்காடு. போட்டிகளுக்காகத் தீவிரமாக ஓடுவோரிடம் சுமார் 13 விழுக்காடு. ஓட்டமே மூட்டைக் காத்தது என்று இதைக்கொண்டு முடிவு கட்ட இயலாது. ஆனால் அளவான ஓட்டத்தைக் கண்டு அஞ்ச இது இடம் தரவில்லை.

முற்றிலும் ஓய்வெடுத்தால் வலி அடங்கும். கூடவே தசையும் தளரும். மீண்டும் ஓடத் தொடங்கியதும் பழைய வலியே திரும்புகிறது. மறுபுறம், வலி நிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவோரும் உளர். அது உடல் தரும் எச்சரிக்கையை மறைக்கிறது. வியர்த்து நீர் இழந்த நிலையில் சிறுநீரகத்துக்கும் கேடு செய்யக்கூடும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். ஓடும் தூரத்தைக் குறையுங்கள். அடியோடு விட வேண்டாம். வலியைப் பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பிடுங்கள். ஓடுகையில் அது மூன்றைத் தாண்டாமலும், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பியும் இருந்தால் தொடரலாம். இல்லையெனில் தூரத்தை மேலும் குறைக்க வேண்டும். நீண்ட எட்டுகளைத் தவிர்த்துச் சிறு எட்டுகளாக ஓடுவது முழங்காலின் சுமையைத் தணிக்கும். சுவரில் சாய்ந்து பாதி அமர்தல், பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்துதல், தாழ்ந்த படியில் ஏறி இறங்குதல் ஆகிய பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் கற்று, வாரம் மூன்று நாள் செய்யுங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இதில் பலரும் தளர்வது மூன்றாம் வாரத்தில்தான்.

சில அறிகுறிகளுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. மூட்டு வீங்குதல், மடக்கவோ நீட்டவோ இயலாமல் பூட்டிக்கொள்ளுதல், நடக்கையில் கால் நழுவுதல், எடையை ஊன்ற முடியாமை, இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சலோடு சிவந்து சூடாதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் ஓட்டத்தை நிறுத்தி, தாமதமின்றி மருத்துவரைக் காணுங்கள். இவை இல்லாதபோது, முதல் நாளே எம்.ஆர்.ஐ. எடுக்கத் தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

குடும்பத்தாருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுண்டு. ஓடுபவருக்கு ஓட்டம் வெறும் உடற்பயிற்சி மட்டுமன்று. சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்கும் துணையாகவும், மனத்துக்கு ஆறுதலாகவும் பலருக்கு அது அமைந்துள்ளது. "ஓடாதே" என்று தடுப்பதற்கு மாறாக, "இன்று பயிற்சி செய்தாயா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி எங்கள் சிகிச்சைக்குப் பெருந்துணையாகும்.