புள்ளலூர்க் கல்லறைகள்

பெரிய காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் ஏகாம்பரநாதரைத் தரிசித்து, முகூர்த்தப் புடவையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். வடக்கே சுமார் பத்து மைல் போனால் புள்ளலூர் என்னும் கிராமம் இருக்கிறது. அங்கே கூர்நுனித் தூண்கள் இரண்டு நிற்கின்றன. ஒன்று காப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லப்புக்கு. மற்றொன்று கர்னல் ஜார்ஜ் பிரௌனுக்கு. 1781 ஆகஸ்டு 27-ல் ஹைதர் அலியுடன் நடந்த யுத்தத்தில் மாண்டவர்கள் இவர்கள்.

முன்னோரின் கல்லறையைத் தேடி வரும் வழக்கம் சீமைக் குடும்பங்களில் உண்டு. அதற்கு வசதியும் இருக்கிறது. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.ஸி.எஸ். அதிகாரி, சென்னை ராஜதானியின் கல்லறைச் சாஸனங்களைத் தொகுத்து 1905-ல் வெளியிட்டார். தெற்காசியாவிலுள்ள பழைய இடுகாடுகளைக் கவனிக்கவென்றே 1976-ல் பிரிட்டனில் ஒரு சங்கமும் தோன்றிற்று. புதர் மண்டி எழுத்துத் தேய்ந்தாலும் காட்டனின் ஏட்டில் பெயர் இருக்கும். மெச்ச வேண்டிய காரியந்தான்; அதில் நமக்குச் சண்டையில்லை.

நாம் கேட்பது வேறு. 1780 செப்டம்பர் 10-ல் இதே புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் முறியடித்த கர்னல் பெய்லியின் படையில் சுமார் 3,800 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். காஞ்சியில் பெருஞ்சேனையோடு இருந்த ஸர் ஹெக்டர் மன்ரோ உதவிக்கு வந்து சேரவில்லை. கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓட்டம் பிடித்தார்! சிறைப்பட்டு 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்த பெய்லிக்கு, உறவினர் ஒருவர் 1816-ல் நினைவுச் சின்னம் எழுப்பினார். சிப்பாய்களுக்கு? ஹைதர் பக்கத்தில் விழுந்தவர்களுக்கு?

அந்நியனிடம் சம்பளம் வாங்கியவர்கள்தானே என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகளே. நம்மில் பலர் தகனம் செய்கிறவர்கள், நமக்குக் கல் ஏது என்று வேறு சிலர் சொல்லக்கூடும். அதுவும் சரியன்று. புள்ளலூரில் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு புகழும் மகேந்திரவர்மனின் காலத்தில், செங்கத்துக்கு அருகே எடுத்தனூரில் ஒரு நடுகல் வைத்தார்கள். எருமை மந்தைக்காகப் பொருது மாண்ட வீரன் கருந்தேவக்கத்தி. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயின் பெயர் கோவிவன். சுமார் ஆயிரத்து நானூறு வருஷங்களுக்குப் பின்னும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

தொண்டை நாட்டு நேயர்கள் வீட்டில், பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத பாட்டனைப் பற்றிப் பேச்சு ஏதேனும் உண்டா? பெரியவர்கள் இருக்கும்போதே பெயரையும் ஊரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காட்டனின் ஏட்டில் தேடிப் பயனில்லை.