மன்னிப்புப் பத்திரத்தில் எதிராளியின் பெயர்





ஞானஸ்நானத்தைக் குறித்து நம் சபையாரில் சிலர் வேறொரு சபையாரோடு வாட்ஸ்அப்பில் நடத்திவரும் வாக்குவாதத்தைக் கடந்த இரண்டு வாரங்களாக நானும் வாசித்து வருகிறேன். வசனங்கள் எடுத்துக்காட்டப்படுகின்றன. அவற்றோடு கள்ளப் போதகன், வஞ்சகன் என்னும் சொற்களும் தாராளமாக வீசப்படுகின்றன. இதைப் பற்றி எழுதும்படி உங்களில் சிலர் கேட்டீர்கள். அதற்குமுன், 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து தேசத்தில் நடந்த ஒரு வாக்குவாதத்தை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

ஜான் பனியனை நீங்கள் அறிவீர்கள். அவருடைய மோட்சப் பிரயாண நூலைத் தழுவியே நம் கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். ஆனால் பனியன் முதன்முதலாக அச்சிட்ட நூல் அதுவன்று. ஓட்டைப் பாத்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்த அவர், 1656ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் நூல் குவேக்கர்களுக்கு எதிரானது.

ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் பிரசங்கத்தால் எழும்பிய கூட்டத்தார் குவேக்கர்கள். அவர்கள் தங்களை நண்பர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். நடுங்குகிறவர்கள் என்னும் பொருளுடைய குவேக்கர் என்பது பிறர் ஏளனமாக இட்ட பெயர். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் கிறிஸ்துவின் ஒளி பிரகாசிக்கிறது என்றும், அதற்குச் செவிகொடுப்பதே மெய்யான ஆராதனை என்றும் போதித்தார்கள். அச்சகங்களின்மேல் இருந்த பழைய தணிக்கை 1640களின் தொடக்கத்தில் குலைந்துபோனபடியால், மலிவான சிறு நூல்கள் தேசமெங்கும் பரவிய காலம் அது. குவேக்கர்கள் அந்த வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்தினார்கள். அவர்களை எதிர்த்தவர்களும் அப்படியே செய்தார்கள்.

பனியனின் குற்றச்சாட்டு இதுவே: உள்ளே இருக்கும் கிறிஸ்துவைப் பற்றியே பேசி, எருசலேமின் வாசலுக்குப் புறம்பே மெய்யான மாம்சத்தில் மரித்து உயிர்த்தெழுந்த இயேசுவை இவர்கள் மறக்கடிக்கிறார்கள். அதே ஆண்டில் எட்வர்ட் பரோ என்னும் இளம் குவேக்கர் மறுப்பு எழுதினார். சிலுவையில் மரித்தவரை நாங்கள் மறுதலிக்கவில்லை. அவரே எங்களுக்குள் வாசம்பண்ணுகிறார் என்கிறோம். நீர் எங்களுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லுகிறீர் என்பது அவர் பதிலின் சாரம். 1657இல் பனியன் மறுபடியும் எழுதினார்; பரோவும் மறுபடியும் எழுதினார். இருவரும் இருபதுகளில் இருந்த வாலிபர்கள். இருவருடைய எழுத்திலும் வேதவசனம் நிறைந்திருந்தது, வசையும் நிறைந்திருந்தது.

என் கருத்தை மறைக்காமல் சொல்லுகிறேன். சரித்திரத்தில் நாட்டப்பட்ட சிலுவையைக் காக்கப் பனியன் எழுந்தது சரியே. அங்கே மரித்த கிறிஸ்து உயிர்த்தெழாதிருந்தால் நம் விசுவாசம் வீண் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதவில்லையா? ஆனால் பரோ பற்றிக்கொண்டதும் வேதத்தில் உள்ளதே. கிறிஸ்து உங்களுக்குள் இருக்கிறார் என்று கொலோசெயருக்கு எழுதியவரும் அதே பவுல்தான். ஒருவர் விட்டுவிடுவாரோ என்று மற்றவர் அஞ்சிய சத்தியத்தை நின்று கேட்டறிய இருவருக்கும் பொறுமை இல்லாமற்போயிற்று.

பின்பு நடந்ததைக் கவனியுங்கள். 1660இல் மன்னராட்சி திரும்பியது. அரசின் அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பனியன் பெட்போர்டில் சிறைப்பட்டு, ஏறக்குறைய 12 ஆண்டுகள் அங்கே கழித்தார். பரோவும் சிறைப்பட்டு, 1663ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டன் நியூகேட் சிறையிலேயே மரித்தார். அப்போது அவருக்கு வயது சுமார் முப்பது. யார் வாதத்தில் வென்றார் என்று சிறைக்காவலன் கேட்கவில்லை. இருவருக்கும் ஒரே விதமான பூட்டுத்தான்.

1672இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் அடக்குமுறையைத் தளர்த்தினார். அப்போது குவேக்கர்களில் ஒருவரான ஜார்ஜ் வைட்ஹெட், சிறையில் வாடிய தம் சகோதரருக்காக மன்னரிடம் மன்றாடினார். இவரும் விவாத நூல்கள் பல எழுதியவர். மன்னிப்பு அருளப்பட்டது. பெயர் பெயராகத் தனித்தனிப் பத்திரம் பெறுவது ஏழைகளால் தாங்கக்கூடிய செலவன்று. ஆகையால் எல்லாருக்கும் ஒரே பத்திரமாகப் பெற முயன்றார்கள். அப்போது குவேக்கரல்லாத மற்றச் சபையாரும் தங்கள் கைதிகளுக்காக உதவி நாடி வந்தார்கள். அவர்களில் சிலர் அவரை எதிர்த்து வாதாடியவர்கள். ஆனாலும் வைட்ஹெட் அவர்களுக்கு வழிகாட்டினார். உபதேச வேறுபாடு அவர்கள்மேல் தமக்கிருந்த இரக்கத்தைக் குறைக்கவில்லை என்று பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். ஏறக்குறைய 490 பெயர்கள் கொண்ட அந்தப் பத்திரத்தில் ஜான் பனியனின் பெயரும் இடம்பெற்றது.

பிரியமானவர்களே, அவர்களுடைய கருத்து வேறுபாடு அன்று மறைந்துவிடவில்லை. வைட்ஹெட் குவேக்கராகவே இருந்தார். பனியன் பனியனாகவே இருந்தார். ஆகவே உபதேசம் முக்கியமன்று, அன்பு ஒன்றே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. விசுவாசத்துக்காகப் போராடும்படி யூதா நமக்குக் கட்டளையிடுகிறார். ஆனால் எதிர்பேசுகிறவனுக்கும் சாந்தமாய் உபதேசிக்கும்படி பவுல் தீமோத்தேயுவுக்குக் கட்டளையிடுகிறார். கட்டப்பட்டிருக்கிறவர்களைத் தாங்களும் அவர்களோடே கட்டப்பட்டிருப்பதுபோல நினைக்கும்படி எபிரெய நிருபம் கட்டளையிடுகிறது. இவற்றில் ஒன்றைக் கைக்கொண்டு மற்றவற்றைத் தள்ள நமக்கு உரிமையில்லை.

இதை எழுதும் நான் குற்றமற்றவனல்லேன். ஊழியத்தின் தொடக்க நாட்களில், அருகிலிருந்த ஒரு சபையின் போதனையைக் கண்டித்து நான்கு பக்கத் துண்டுப்பிரசுரம் எழுதி வீடுவீடாகக் கொடுத்தேன். அதிலிருந்த வசனங்களை இன்றும் நான் மாற்றமாட்டேன். ஆனால் அந்தச் சபையின் போதகர் நோயுற்றுப் பல மாதங்கள் படுக்கையில் இருந்தபோது, நான் ஒருமுறையும் அவர் வீட்டு வாசற்படி ஏறவில்லை. எழுதிய கைகளோடு எப்படிப் போவது என்று வெட்கப்பட்டேன். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். என் வாதம் சரியாயிருந்தது, நான் சரியாயிருக்கவில்லை.

ஆதலால் உங்களிடம் இரண்டு காரியங்களைக் கேட்கிறேன். 1673முதல் குவேக்கர்கள் லண்டனில் திங்கட்கிழமைதோறும் கூடி, தங்கள் கூட்டத்தார் எழுதியவற்றை அச்சேறுமுன் வாசித்துச் சீர்தூக்கினார்கள். நீங்களும் ஒரு மறுப்பை அனுப்புமுன், நிதானமுள்ள ஒரு மூப்பரிடமோ உங்கள் வீட்டாரிடமோ வாசிக்கக் கொடுங்கள். அடுத்து, நீங்கள் யாரோடு வாதாடுகிறீர்களோ அவருடைய பெயரை இந்த வாரம் உங்கள் குடும்ப ஜெபத்தில் சொல்லுங்கள். அவர் திருந்தவேண்டும் என்று மட்டுமல்ல, அவருடைய பிள்ளைகளுக்காகவும் பிழைப்புக்காகவும் சரீர சுகத்துக்காகவும் ஜெபியுங்கள். அந்தப் பெயரைச் சொல்ல நாவு எழும்பவில்லையானால், பதில் எழுதும் வேளை இன்னும் வரவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

நாம் சத்துருக்களாயிருக்கையில் நம் பெயரைத் தம் மன்னிப்பில் எழுதிக்கொண்ட கர்த்தர், நம் கைகளையும் நாவையும் ஆண்டுகொள்வாராக. ஆமென்.