விசிறியைக் கழற்றுமுன் வாட் கணக்கு
(ஆசிரியர் உரை)

எண்ணூர் விரைவுச்சாலையிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் சென்னைத் துறைமுகத்துக்கான கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையில் காத்து நிற்பது பல ஆண்டுகளாக நாம் பார்த்துவரும் காட்சி. வண்டி நகராது, என்ஜின் ஓடும், கேபினில் ஏ.சி.யும் ஓடும். கத்திரி வெயிலில் டெம்பரேச்சர் முள் மெல்ல ஏறும்போது ஓட்டுநருக்கு வயிற்றில் புளி கரைகிறது. என்ஜினோடு சுற்றும் விஸ்கஸ் ஃபேனைக் கழற்றிவிட்டு மின்விசிறி மாட்டினால் சூடும் தணியும், டீசலும் மிச்சமாகும் என்ற யோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது: நிற்கும் வண்டியில் என்ஜின் சுற்று குறைவு, அதனால் விசிறிச் சுற்றும் குறைவு, மின்விசிறிக்கோ என்ஜின் வேகம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 24 வோல்ட் கனரக டிரெய்லரில் இந்த முழு மாற்றம் கணக்குக்கு நிற்காது என்பதே நம் நிலைப்பாடு. சூடு ஏறுவதற்கான காரணம் பெரும்பாலும் விசிறியின் வகையில் இல்லை என்பதும் அதே கணக்கிலிருந்தே தெரியவரும்.

180 குதிரைத்திறன் என்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழுச்சுமையில் டீசல் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு வேலையாக மாறுகிறது. கால் பங்கு அளவுக்குக் கூலன்ட் வழியே ரேடியேட்டருக்கு வருகிறது. அதாவது 80 கிலோவாட்டுக்கு மேல். காற்று 25 டிகிரி சூடேறி வெளியேறுவதாக வைத்தால், நொடிக்குச் சுமார் 3 கன மீட்டர் காற்று ரேடியேட்டரைக் கடக்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது நிலைமையே வேறு. ஐடிலில் மணிக்கு 2 லிட்டர் டீசல் எரிகிறது என்று கொண்டால் மொத்த வெப்பமே 20 கிலோவாட். கூலன்டுக்கு வருவது 5 கிலோவாட் அளவுதான். அதற்குத் தேவையான காற்று நொடிக்கு 0.2 கன மீட்டரைத் தொடாது. 2400 சுற்றில் 3 கன மீட்டர் தள்ளும் விசிறி, அதன் விஸ்கஸ் கிளட்ச் சரியாகப் பிடித்தால், 600 சுற்றிலும் அதில் கால் பங்கைத் தள்ளும்: 0.75 கன மீட்டர். ஏ.சி. கண்டன்சரின் வெப்பத்தைச் சேர்த்தாலும் தேவைக்கு மேல் காற்று இருக்கிறது. ஆகவே நல்ல நிலையில் உள்ள வண்டி வரிசையில் நின்றதற்காகச் சூடேறக் கூடாது. ஏறுகிறது என்றால் கோளாறு வேறு எங்கோ ஒளிந்திருக்கிறது.

இனி சுமையோடு ஓடும் நேரம். விசிறி இழுக்கும் திறன் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது என்பது நாம் அறிந்த விதி. முழு வேகத்தில் அது 10 கிலோவாட் இழுக்கிறது என்று வைப்போம். அந்த வேலையை மின்விசிறியிடம் கொடுத்தால், மோட்டாரின் திறன்விகிதம் 80 விழுக்காடு என்ற கணக்கில், 12.5 கிலோவாட் மின்சாரம் வேண்டும். 28 வோல்ட்டில் அது சுமார் 450 ஆம்பியர். நம் வண்டிகளில் இருக்கும் ஆல்டர்னேட்டர் பொதுவாக 100 ஆம்பியரை ஒட்டியது. ஐடிலில் அதுவும் முழுதாகக் கிடைக்காது. பெரிய ஆல்டர்னேட்டர் போட்டாலும், அதன் திறன்விகிதம் 60 விழுக்காடு என்றால், கிராங்க்கிலிருந்து 20 கிலோவாட்டுக்கு மேல் உருவியாக வேண்டும். நேரே சுற்றினால் 10 கிலோவாட்டில் முடியும் வேலை அது. சந்தையில் கிடைக்கும் சிறிய மின்விசிறிகள் போதும் என்பவர்கள் அதே விதியைத் திருப்பிப் பார்க்கட்டும்: எட்டில் ஒரு பங்கு திறனுக்குப் பாதிக் காற்றுதான் வரும். சமவெளியில் ஓட்டக் காற்று கைகொடுக்கும். கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் மேட்டில் முழு லோடோடு இரண்டாவது கியரில் ஏறும் டிரெய்லருக்கு ஓட்டக் காற்று ஏது? அங்கே போவது ஹெட் கேஸ்கட்.

டீசல் மிச்சம் என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். விஸ்கஸ் ஃபேன் தேவையில்லாத நேரத்திலும் வீண் சுற்று சுற்றுகிறது என்பது உண்மை. ஆனால் கிளட்ச் நழுவி விசிறி கால் பங்கு வேகத்தில் சுற்றும்போது முறுக்குவிசை பதினாறில் ஒன்றாகிவிடுகிறது. நழுவலில் வீணாவதையும் சேர்த்து என்ஜினிடமிருந்து போவது 0.6 கிலோவாட் அளவே. நெடுஞ்சாலையில் 80 கிலோவாட் கொடுத்துக்கொண்டிருக்கும் என்ஜினுக்கு அது நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஐடிலில் கிளட்ச் முழுதாகப் பிடித்தாலும் விசிறி இழுப்பது 160 வாட் சுமார். அங்கே 500 வாட் மின்விசிறியை ஓட்டினால் செலவு கூடுமே தவிரக் குறையாது. வரிசையில் டீசலை மிச்சப்படுத்த ஒரே வழி என்ஜினை அணைப்பது. அமெரிக்க நகரப் பேருந்துகளில் மின்விசிறி வரிசை வெற்றி பெற்றதே என்று கேட்கலாம். அங்கே என்ஜின் பின்னால், ரேடியேட்டர் பக்கவாட்டில். விசிறியை ஹைட்ராலிக் மோட்டார் சுற்றியது. எண்ணெய்க் கசிவும் தீ அபாயமும் கொண்ட அந்த அமைப்பை எடுத்துவிட்டு, அதற்கேற்ற பெரிய ஆல்டர்னேட்டரோடு மின்விசிறிகளை வைத்தார்கள். என்ஜின் முகப்பிலேயே விசிறி சுற்றும் நம் டிரெய்லருக்கு அந்த ஒப்பீடு பொருந்தாது.

அப்படியானால் நம் பகுதியில் வண்டிகள் ஏன் சூடேறுகின்றன? எண்ணூர்ப் பக்கம் நிலக்கரித் தூசியும் சாம்பலும். கடலோரம் முழுக்க உப்புக் காற்று. கண்டன்சருக்கும் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள விரலளவு இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள்: தூசியும் உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கருப்புக் களிம்பாக ஒட்டியிருக்கும், சில இடங்களில் ஃபின்கள் பொடிப்பொடியாக உதிரும். முன்பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சினால் அழுக்கு இன்னும் உள்ளே போய் அடைக்கும். விசிறிப் பக்கமிருந்து முன்னோக்கித்தான் கழுவ வேண்டும். அடுத்தது கிளட்ச். அதன் முகத்தில் எண்ணெய்க் கோடாகத் தூசி படிந்திருந்தால் உள்ளிருக்கும் சிலிக்கோன் எண்ணெய் கசிகிறது. என்ஜினை அணைத்துக் கையால் சுண்டிவிட்டால் தடையே இல்லாமல் பல சுற்று சுற்றினால் கிளட்ச் செத்துவிட்டது. உடைந்த ஃபேன் கவுலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவதும், தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடுவதும் நம் பட்டறைகளின் பழைய பாவங்கள். மீஞ்சூர் வரை நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறிய பகுதி இது. கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றினால் குழாய்க்குள் உப்புப் படியும், அலுமினியம் அரிக்கும். இவை எதையும் மின்விசிறி சரிசெய்யாது. அடைத்த ரேடியேட்டருக்கு முன்னால் எந்த விசிறி சுற்றினாலும் காற்று போக வழியில்லை.

மின்விசிறிக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. 2025-லிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். பழைய வண்டியில் வெளியே ஏ.சி. பொருத்தி ரேடியேட்டருக்கு முன் கண்டன்சர் வைக்கும்போது, அதற்கென ஒரு மின்விசிறி நியாயமானது. அது ஏ.சி. அழுத்த ஸ்விட்சோடு ஓட வேண்டும். தனி ரிலே, தனி ஃபியூஸ், உப்புக் காற்று புகாத மூடிய மோட்டார் இருக்க வேண்டும். சட்டத்தில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். ஃபின்களுக்குள் பிளாஸ்டிக் டை நுழைத்துக் கட்டினால் அதிர்வில் உராய்ந்து குழாயில் ஓட்டை விழும். பி.எஸ்.6 வண்டிகள் பலவற்றில் கிளட்சையே ஈ.சி.யு. கட்டுப்படுத்துகிறது, அதைக் கழற்றினால் கோளாறுக் குறியீடு எழும், உத்தரவாதமும் கைவிட்டுப் போகும். மின்சார லாரிகளில் விசிறி இயல்பாகவே மின்விசிறிதான். அவற்றின் உயர் வோல்ட்டேஜ் பேட்டரியும் குறைந்த வெப்பமும் அதற்கு இடம் தருகின்றன.

விசிறியை மாற்றித் தரச் சொல்லி உரிமையாளர் வந்தால், முதலில் கண்டன்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் மூன்றையும் பிரித்துக் கழுவுங்கள், கிளட்சையும் கவுலையும் பாருங்கள், தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள், சரியான கூலன்ட் ஊற்றுங்கள். பிறகும் சூடேறினால் ஆல்டர்னேட்டரின் தகட்டில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அந்த எண்ணை அவருக்கே காட்டிவிட்டால் பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.