ரேகைச் சட்டமும் மென்பொருளும்

"அவனுங்க பரம்பரையே அப்படித்தான்." டீக்கடையிலும் கேட்கிறோம், வாட்ஸ்அப் குழுவிலும் கேட்கிறோம். சொல்பவருக்கு அது அனுபவ ஞானம். குற்றவியலிலோ அது நூறு வருஷத்துக்கு முன்பே அடிவாங்கிய கோட்பாடு.

குற்றவாளி பிறவியிலேயே குற்றவாளி, தாடையையும் காதையும் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று 1876-இல் எழுதினார் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ. இங்கிலாந்துச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் சுமார் 3,000 கைதிகளின் அளவுகளை எடுத்து மற்றவர்களோடு ஒப்பிட்டார். அப்படியொரு தனி உடல்வாகே கிடையாது என்று 1913-இல் புத்தகம் போட்டார்.

பிரிட்டிஷ் இந்தியா லொம்ப்ரோசோவுக்காகக் காத்திருக்கவில்லை. தச்சன் மகன் தச்சன் என்றால் திருடன் மகன் திருடன்தானே? இந்தத் தர்க்கத்தில் 1871-இலேயே குற்றப்பரம்பரைச் சட்டம் வந்தது. 1911 சட்டம் அதைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. செத்தவர்கள் செய்த குற்றம் என்ன? அந்தச் சாதியில் பிறந்தது.

1952-இல் நாடு முழுக்க அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் சென்னை மாகாணத்தில் 1948-இலேயே வந்துவிட்டது. பதிவேடு போகவில்லை, அட்டைதான் மாறியது.

பதிவேடு என்ன செய்யும்? ஒரு பையனைச் சந்தேகத்தில் பிடிக்கிறார்கள், பெயர் ஏறுகிறது. தெருவில் அடுத்து எது திருடுபோனாலும் முதலில் தட்டப்படுவது அவன் வீட்டுக் கதவுதான். வேலை போகிறது. சேர்த்துக்கொள்ள ஸ்டேஷனில் பழக்கமான ஆட்கள் மட்டும் மிச்சம். கடைசியில் அவன் நிஜமாகவே திருடுகிறான். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்கிறோம். ஹோவர்ட் பெக்கர் 1963-இல் வளர்த்தெடுத்த முத்திரைக் கோட்பாடு சொல்வது இதைத்தான்: முத்திரை ஆளை விவரிப்பதோடு நிற்பதில்லை, ஆளை உண்டாக்கவும் செய்கிறது.

இங்கேதான் என் தொழில் உள்ளே வருகிறது. குற்றம் எங்கே நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் மென்பொருளை நாங்கள் எழுதுகிறோம். அதற்குக் கொடுக்கிற தரவு குற்றங்களின் கணக்கு இல்லை; போலீஸ் எழுதிவைத்தவற்றின் கணக்கு. எழுதப்படாமல் போனவற்றைக் குற்றவியல் 'இருண்ட எண்ணிக்கை' என்கிறது. 2016-இல் கிறிஸ்டியன் லம், வில்லியம் ஐசக் இருவரும் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரப் போதைமருந்துக் கைதுப் பதிவுகளை அப்படியொரு அல்காரிதத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். மருந்துப் பயன்பாடு ஊர் முழுக்கப் பரவியிருக்க, அது திரும்பத் திரும்பக் காட்டியது கறுப்பினத்தவரும் ஏழைகளும் வாழும் பகுதிகளை. போலீஸ் போன இடத்தில் கைது, கைதான இடத்துக்கு மறுபடி போலீஸ். செக்கு மாடு சுற்றுவதற்கு நாங்கள் வைத்த பெயர் 'கணிப்பு'.

எட்வின் சதர்லேண்ட் 1939-லேயே 'வெள்ளைக் காலர் குற்றம்' என்று பெயர் வைத்துக் கேட்டார்: கோட்டு போட்டவன் செய்வது ஏன் உங்கள் கணக்கில் வரவில்லை? சம்பளத்தில் பிஎஃப் பிடித்துக் கட்டாமல் விடுகிற முதலாளி இருக்கிற தெருவை எந்த மென்பொருள் சிவப்பில் காட்டுகிறது?

"தரவு பொய் சொல்லாது" என்று யாராவது ஆரம்பித்தால் ஒரே கேள்வி போதும்: அதை எழுதினது யாரு, எந்தத் தெருவுல நின்னு? பெருங்காமநல்லூரில் கேட்டதும் ரேகைதான். அதுவும் தரவுதான்.